பாயில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும்: தற்காப்புக் கலை மாணவர்களுக்கான சுத்தப் பழக்கங்கள்

ஓடப் போகிறவர் நேற்றைய வியர்வைச் சட்டையையே மாட்டிக்கொண்டு ஓடினால் அந்தக் கசகசப்பு அவரோடு போயிற்று. ஜூடோ, மல்யுத்தம், ஜியு-ஜிட்ஸு பழகுகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் காலரில் இன்னொருவர் முகம் அழுந்தும். உங்கள் பாதம் பட்ட இடத்தில் இன்னொருவர் கன்னத்தை வைத்துப் படுக்க வேண்டியிருக்கும். கராத்தே, டேக்வாண்டோ, குத்துச்சண்டையில் உடலோடு உடல் உரசுவது குறைவுதான். ஆனாலும் தரை, தலைக்கவசம், பஞ்சிங் பை எல்லாம் எல்லோருக்கும் பொது.

அதனால் இந்த வழிகாட்டியை ஒரே எண்ணத்தோடு எழுதுகிறேன்: நம் சுத்தம் முதலில் நம் ஜோடிக்காக. நாம் விடும் உதையைத் தடுக்க அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நம் தோலில் இருக்கும் பூஞ்சையைத் தடுக்க அவரிடம் எந்த உத்தியும் இல்லை. சர்வதேச ஜூடோ சம்மேளனம் இதைப் போட்டி விதியாகவே வைத்திருக்கிறது. உடுப்பு சுத்தமாகவும் உலர்ந்தும் கெட்ட வாடை இல்லாமலும் இருக்க வேண்டும், கைகால் நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், நீளமான முடியைக் கட்டியிருக்க வேண்டும். போட்டிக்கு இருக்கும் இந்த ஒழுங்கு தினசரி வகுப்புக்கும் பொருந்தும்.

ஒரு வகுப்புக்குக் கிளம்புவதிலிருந்து அடுத்த வகுப்பு வரை, நடக்கும் வரிசையிலேயே பார்ப்போம்.

படி 1: கிளம்பும் முன்

முதலில் நகம். உள்ளங்கையை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். விரல் நுனிக்கு மேல் நகம் எட்டிப் பார்த்தால் வெட்ட வேண்டும். வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் வெட்டாதீர்கள், முந்தைய இரவே வெட்டிவிடுங்கள். புதிதாக வெட்டிய நகத்தின் ஓரம் நீள நகத்தைவிடக் கூர்மையாக இருக்கும். வெட்டிய பிறகு அரத்தால் நான்கு தேய்ப்பு தேய்த்து, விரலைச் சொந்தக் கன்னத்தில் இழுத்துப் பாருங்கள். கீறவில்லை என்றால் சரி. கால் நகத்தை வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுங்கள். ஓரத்தை ஆழமாகக் குடைந்து வெட்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து, சீழ் வைத்து, வாரக்கணக்கில் பயிற்சி நின்றுபோகும்.

நகத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், கிருமிகளுக்கு நம் தோல் நல்ல மதில். முழுசாக இருக்கும்வரை பெரும்பாலானவை உள்ளே வர முடியாது. ஒரு சின்னக் கீறல் விழுந்தால் அங்கே வாசல் திறந்துவிடுகிறது. இதே காரணத்துக்காக வகுப்புக்குப் போகும் அன்று கால், கை, முகம் எதையும் ஷேவ் செய்யாமல் இருப்பது நல்லது. பிளேடு பட்ட தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நிறைய இருக்கும். ஷேவிங், வாக்சிங் எல்லாவற்றையும் வகுப்பில்லாத நாளுக்கோ, வகுப்பு முடிந்து குளித்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ நேராக வருகிறவர்கள் குளித்துவிட்டு வர முடியாது. முகம், அக்குள், பாதம் மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். பல் தேய்த்து நாக்கை வழித்துவிட்டு வாருங்கள். தரைப் பயிற்சியில் இருவர் மூச்சும் ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கும். டியோடரண்ட் போடலாம். வாசனைத் திரவியத்தைக் கொட்டிக்கொண்டு வருவது வேண்டாம், மூச்சிரைக்கும் நேரத்தில் அந்த நெடி ஜோடிக்குத் தலைவலியைக் கொடுக்கும், ஆஸ்துமா இருப்பவருக்கு இன்னும் கஷ்டம். உடம்புக்கு எண்ணெய், லோஷன் தடவியும் வராதீர்கள். பிடி நழுவும், பாய் வழுக்கும்.

முடியைத் துணி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். இரும்புக் கிளிப், ஹேர்பின் ஆகாது. மோதிரம், தோடு, மூக்குத்தி, கயிறு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மாற்றுக் கண்ணாடி ஒன்றைப் பையில் வைத்திருக்க வேண்டும். லென்ஸ் கழன்று விழுந்தால் குழாய்த் தண்ணீரில் அலசி மறுபடி மாட்டவே கூடாது. குழாய்த் தண்ணீரில் இருக்கக்கூடிய அமீபா வகை ஒன்று கண்ணின் கருவிழியையே பாதிக்கும்.

மாதவிடாய் நாட்களில் பயிற்சிக்கு வரலாமா என்று கேட்கத் தயங்கும் மாணவிகள் இருக்கிறார்கள். தாராளமாக வரலாம். வகுப்பு தொடங்கும் முன் நாப்கினை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது கப்பைக் காலி செய்துகொள்ளுங்கள். வெள்ளை உடுப்புக்குள் இறுக்கமான அடர்நிற ஷார்ட்ஸ் போட்டால் கவலையில்லாமல் உதைக்கலாம். நடுவில் வெளியே போக வேண்டியிருந்தால் காரணம் சொல்லாமலே அனுமதி கிடைக்க வேண்டும். இதைச் சொல்லிவைப்பது மாஸ்டரின் பொறுப்பு.

படி 2: ஒரு நிமிடம் தோலைப் பாருங்கள்

உடை மாற்றும்போது செய்கிற வேலைதான் இது. முன்கை, கழுத்து, காதுக்குப் பின்புறம், முகம், முழங்கால், விரலிடுக்கு. தரையில் உரசுகிற, இன்னொருவர் உடம்பில் அழுந்துகிற இடங்கள் இவை. முதுகைப் பார்க்கக் கண்ணாடியோ வீட்டில் ஒருவரோ வேண்டும். நேற்று இல்லாத தடிப்பு, வட்டம், கொப்புளம், கட்டி இன்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆறாத புண் இருந்தால் கழுவி, பேண்டேஜ் போட்டு, வியர்வையில் கழன்றுவிடாதபடி மேலே டேப் சுற்றுங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: இப்படி மூடிக்கொண்டு வருவது சாதாரணச் சிராய்ப்புக்குத்தான். சீழ் வடியும் புண்ணை எதைக் கொண்டு மூடினாலும் அன்றைக்குப் பாய் வேண்டாம்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கண்வலி, அம்மை, கடுமையான இருமல் இருந்தால் வீட்டிலேயே இருங்கள். கண்வலியோடு வரும் ஒருவர் ஒரே மாலையில் அரை வகுப்பைப் படுக்க வைத்துவிட முடியும்.

படி 3: பாயின் விளிம்பு

செருப்போடு பாயில் ஏறக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். வெறுங்காலோடு பாயைவிட்டு இறங்கக் கூடாது என்பதுதான் மறந்துபோகிறது. தண்ணீர் குடிக்க, போனைப் பார்க்க, எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கழிப்பறைக்குப் போக என்று வெறுங்காலோடு போய்த் திரும்பினால், அந்தத் தரையில் இருந்தது முழுக்கப் பாய்க்கு வந்துவிடுகிறது. செருப்பைப் பாயின் விளிம்பில், நுனி வெளியே பார்க்கும்படி விட்டு வையுங்கள். இறங்கும் கால் நேராக அதில் விழும். பழகிவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

படி 4: வகுப்பு நடக்கும்போது

சொந்த டவல், சொந்த பாட்டில். வாய் வைத்துக் குடித்த பாட்டிலைக் கை மாற்றாதீர்கள். வியர்வையை டவலில் துடையுங்கள், பாயில் சொட்டினால் அதையும் துடையுங்கள். முகத்தைக் கையால் தொடுவதைக் குறையுங்கள். பாயைத் தொட்ட கை கண்ணுக்கும் மூக்குக்கும் போவதுதான் சளி, கண்வலி பரவும் குறுக்குவழி.

இரத்தம் வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். மூக்கில் ஒரு சொட்டு, உதட்டில் ஒரு கீறல், எதுவானாலும் சரி. நல்ல சண்டை நடக்கிறதே என்று தொடரக் கூடாது. காயத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, அழுத்திப் பிடித்து, இரத்தம் நின்ற பிறகு மூடிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். இரத்தம் பட்ட உடுப்பையும் மாற்ற வேண்டும். பாயில் விழுந்ததைக் கையுறை போட்டவர் முதலில் காகிதத்தால் ஒற்றி எடுக்கட்டும். பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட்டு, நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். பிளீச்சோடு வேறு எந்தக் கிளீனரையும் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். உலர்ந்த கறைதானே என்று அலட்சியமும் வேண்டாம். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே 7 நாட்கள் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். தற்காப்புக் கலை பழகும் ஒவ்வொருவரும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போட்டிருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

படி 5: முடிந்த முதல் அரை மணி நேரம்

எல்லாப் படிகளிலும் எதையாவது ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பயிற்சி முடிந்ததும் தோலில் வியர்வை, பாயின் அழுக்கு, நான்கைந்து பேரின் தோல் துகள், கூடவே புதுச் சிராய்ப்புகள் எல்லாம் சேர்ந்திருக்கும். ஈரமும் சூடும் பூஞ்சைக்குப் பிடித்தவை. வெளியே நின்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அதே ஈர உடுப்போடு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, அப்புறம் குளிக்கலாம் என்று தள்ளிப்போடுவது அதற்கு வளர நேரம் கொடுப்பதுதான்.

பாயைவிட்டு இறங்கியதும் கையை 20 வினாடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈர உடுப்பைக் கழற்றி உலர்ந்த உடை மாற்றுங்கள். அங்கேயே குளிக்க வசதியிருந்தால் குளியலறைத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். வசதி இல்லையென்றால் வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியிலோ கட்டிலிலோ உட்காராமல் நேராகக் குளியலறைக்குப் போங்கள்.

சாதாரண சோப்பே போதும். கிருமிநாசினி சோப்பையோ டெட்டாலையோ தினமும் உடம்பெல்லாம் போட்டுத் தேய்த்தால் தோல் வறண்டு வெடிக்கும், நாம் காப்பாற்ற நினைத்த மதிலே விரிசல்விடும். காதுமடல், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு என்று நுரை போய்ச் சேராத இடங்களுக்கு விரலைக் கொண்டுபோய்த் தேயுங்கள். குளித்த பிறகு துடைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முகத்தில் தொடங்கிப் பாதத்தில் முடிக்க வேண்டும். கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஈரம் போகத் துடையுங்கள். சேற்றுப்புண் தொடங்குவது பெரும்பாலும் நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில்தான். தொடையிடுக்கைத் துடைத்த பிறகுதான் பாதத்துக்குப் போக வேண்டும், மாற்றிச் செய்தால் பாதத்துப் பூஞ்சை டவல் வழியாக மேலே ஏறிவிடும். தலைக்குக் குளித்தால் முடி நன்றாகக் காய்ந்த பிறகே கட்டுங்கள்.

படி 6: உடுப்பும் பெல்ட்டும்

ஒரு வகுப்பு, ஒரு துவைப்பு. இதில் சமரசமே இல்லை. ‘இன்றைக்கு அவ்வளவாக வியர்க்கவில்லை’ என்று காயவைத்து மறுபடி போடுகிறவர்களுக்குத் தங்கள் வாடை தெரியாது, மூக்கு பழகிவிடும். வியர்வைக்கென்று பெரிய வாடை கிடையாது. அதைத் தின்று பெருகும் பாக்டீரியாதான் நாறுகிறது. வாடை வருகிறதென்றால் கூட்டம் ஏற்கெனவே கூடிவிட்டது என்று அர்த்தம். வாரம் மூன்று வகுப்பு போகிறவருக்குக் குறைந்தது இரண்டு செட் வேண்டும். கனமான ஜூடோ உடுப்பு சீக்கிரம் காயாது.

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். உடனே துவைக்க முடியாவிட்டால் விரித்துத் தொங்கவிடுங்கள். மூடிய பைக்குள் ஓர் இரவு கிடந்த ஈர உடுப்பின் வாடையைப் போக்குவது பெரிய பாடு. துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். வெந்நீர் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 30 டிகிரியில் துவைத்தால் பூஞ்சை வித்துகள் தப்பிவிடக்கூடும், 60 டிகிரியில் அழியும். ஆனால் பருத்தி உடுப்பு அந்தச் சூட்டில் சுருங்கும். நான் சொல்வது இது: வழக்கமான நாட்களில் சாதாரண நீரில் துவைத்து நல்ல வெயிலிலோ காற்றோட்டத்திலோ முழுக்கக் காயவையுங்கள். உங்களுக்கோ உங்கள் ஜோடிக்கோ தோல் தொற்று வந்திருந்தால் சுருங்கினாலும் பரவாயில்லை என்று 60 டிகிரியில் துவையுங்கள். டவல், உள்ளாடை, சாக்ஸ், படுக்கை விரிப்பு எல்லாவற்றுக்கும் அதே. துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது படிந்தால் துணி வியர்வையை உறிஞ்சாது.

பெல்ட்டைத் துவைத்தால் உழைப்பு கரைந்துபோகும் என்றொரு நம்பிக்கை பல கூடங்களில் உண்டு. பெல்ட் மீது மாணவர்களுக்கு இருக்கும் பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அதுவும் மற்ற உடுப்பைப் போலவே வியர்வை குடித்த, எல்லோர் கையும் பட்ட துணிதான், பாயில் புரண்டு எழுவதும் அதுதான். துவையுங்கள். நிறம் போகுமென்று பயமிருந்தால் தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள்.

படி 7: கிளவுஸ், மவுத்கார்டு, மற்றவை

குத்துச்சண்டை கிளவுஸைத் தண்ணீரில் முக்கக் கூடாது, உள்ளே இருக்கும் பஞ்சு காயாது. கிருமிநாசினித் துடைப்பானால் உள்ளேயும் வெளியேயும் துடைத்து, வாயை அகலத் திறந்து, செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துக் காற்றாட வையுங்கள். கைக்குச் சுற்றும் துணிப்பட்டையை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். கிளவுஸ் நாறாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. பொது கிளவுஸும் தலைக்கவசமும் போடுகிறவர்கள் போடும் முன்பும் பின்பும் துடைக்க வேண்டும். பேன் பரவவும் தலைக்கவசம் ஒரு வழி. கம்பு, தடி போன்றவற்றின் பிடியையும் மறக்காதீர்கள், கொப்புளம் உடைந்த கைகள் அதில்தான் படுகின்றன.

மவுத்கார்டைக் கழற்றியதும் குளிர்ந்த நீரில் அலசி, பிரஷ்ஷால் தேய்த்து, காற்றுத் துளையுள்ள டப்பாவில் வையுங்கள். வெந்நீர் பட்டால் அச்சு குலைந்துவிடும். ஓரம் கிழிந்து முள்ளாக நிற்கும் மவுத்கார்டு ஈறைக் கீறும், அதை மாற்றிவிடுங்கள். கடைசியாக, பை. அதையும் மாதத்துக்கு ஒருமுறையாவது உதறித் துவைத்துக் காயவையுங்கள்.

படி 8: தோலில் ஏதாவது வந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில வருடங்களில் ஒருமுறை வரத்தான் செய்யும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. மறைப்பதுதான் தவறு. 1989-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த பள்ளி மாணவர்களுக்கான மல்யுத்த முகாமில் 175 பேரில் 60 பேருக்கு ஹெர்பீஸ் வைரஸ் தொற்று வந்தது. தோலில் தடிப்பு இருந்தவரோடு மோதியவர்களுக்கே அது அதிகம் வந்திருந்தது. அந்த வைரஸ் ஒருமுறை உடம்புக்குள் போனால் வாழ்நாள் முழுக்க நரம்பில் தங்கிவிடும். உடம்பு சோர்ந்த நேரமாகப் பார்த்துத் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

அதிகம் வருவது படர்தாமரை. முதலில் ஒரு கொசுக்கடி போலச் சிவப்பாக, அரிப்போடு தொடங்கும். சில நாட்களில் வட்டமாக விரிந்து, ஓரம் மட்டும் மேடாகச் செதில் செதிலாகி, நடுப்பகுதி தெளிந்துவரும். அந்த ஓரத்தை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். இதற்குப் பூஞ்சைக்கான மருந்து வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் பல கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதைப் பூசினால் இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கும், ஆறிவிட்டது என்று தோன்றும். உண்மையில் தோலின் எதிர்ப்பு அடங்கியிருக்கிறது, பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவுகிறது. கிரீமை நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிய வட்டமாக, வட்டத்துக்குள் வட்டமாகத் திரும்பும். அப்போது மருத்துவருக்கே அடையாளம் காண்பது கஷ்டமாகிவிடும். எனவே முதலிலேயே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வட்டம் மறைந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள்.

அடுத்தது பாக்டீரியா. தேன் நிறத்தில் பொருக்குத் தட்டும் சிரங்கு ஒரு வகை. திடீரென்று எழும்பி, தொட்டால் சுடும் வலிமிகுந்த கட்டி இன்னொரு வகை. பூச்சி கடித்துவிட்டது போலிருக்கிறது என்று பலர் விட்டுவிடுவது இதைத்தான். வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு மடங்காத ஸ்டாஃப் (ஸ்டெஃபிலோகாக்கஸ்) பாக்டீரியா வகைகளும் விளையாட்டு வீரர்களிடையே பரவுவதுண்டு. கட்டியைப் பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். சிவப்பு வேகமாகப் பரவினாலோ, கட்டியிலிருந்து கோடு போலச் சிவப்பு ஓடினாலோ, காய்ச்சல் வந்தாலோ காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். முகத்திலோ கழுத்திலோ கொத்தாகச் சின்ன நீர்க்கொப்புளங்கள் எரிச்சலோடு வந்தால் அது ஹெர்பீஸாக இருக்கலாம். கண்ணுக்கு அருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

எப்போது திரும்பலாம்? அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தப் போட்டிகளில் பின்பற்றும் கணக்கு ஒரு நல்ல அளவுகோல். உடம்பில் படர்தாமரை என்றால் குறைந்தது 72 மணி நேரம் மருந்து போட்டிருக்க வேண்டும், தலையில் என்றால் 14 நாள். பாக்டீரியா தொற்றுக்கு 72 மணி நேர ஆன்டிபயாட்டிக், கடைசி 48 மணி நேரத்தில் புதுப் புண் வராமலும் பழையது கசியாமலும் இருக்க வேண்டும். இவை குறைந்தபட்சம்தான், முடிவு உங்கள் மருத்துவருடையது.

கண்டுபிடித்த அன்றே மாஸ்டரிடமும், அந்த வாரம் யாரோடெல்லாம் உருண்டீர்களோ அவர்களிடமும் சொல்லுங்கள். ‘எனக்குக் கையில் படர்தாமரை வந்திருக்கிறது, நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒரு வரிச் செய்தி போதும்.

மாஸ்டர்களுக்கு

பாயை ஒவ்வொரு நாளும் துடைக்க வேண்டும். முதலில் அழுக்கை எடுத்துவிட்டு, பிறகு கிருமிநாசினி. அழுக்கின் மேலேயே ஊற்றினால் அது சரியாக வேலை செய்யாது. டப்பாவில் எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் விடுங்கள். பாய்க்கென்று தனி மாப், கழிப்பறைக்கு வேறு மாப். பாய் கிழிந்த இடங்களை டேப் ஒட்டி மூடுங்கள், அந்தப் பிளவுக்குள் துணி போகாது.

கை கழுவும் இடத்தில் சோப்பு எப்போதும் இருக்கட்டும். குழந்தைகள் வகுப்பில் வரிசையில் நிற்கும்போதே நகத்தையும் கைகளையும் பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிடம் ஆகும். ஒரு மாணவரிடம் வாடையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் தனியாக அழைத்து, சுற்றி வளைக்காமல், ஒருமுறை சொல்லுங்கள். தொற்று வந்ததை வந்து சொல்கிற மாணவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். ஓரமாக உட்கார்ந்து வகுப்பைப் பார்க்க அவருக்கு இடம் கொடுங்கள், அந்த நாட்களை வருகையாகவே குறியுங்கள், அதைக் காட்டி பெல்ட் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள். சொன்னால் நஷ்டம் என்று ஒருவர் நினைத்துவிட்டால் அடுத்த முறை அந்த வட்டம் முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்துகொண்டு பாய்க்கு வரும்.